முன்கூட்டியே காட்டிய கேள்வித்தாள்

மார்ச் 3, செவ்வாய்

"வீட்ல இவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களா, மாட்டீங்களா?" மழலையர் பள்ளித் தலைமையாசிரியை இன்று என்னிடம் கேட்டார். முப்பத்து நான்கு வருஷம் வகுப்பில் வருகைப்பதிவு வாசித்தவனிடம்.

பேத்தி சில்லு, நாற்காலிக்கு அடியில் குப்புறப் படுத்து, என் செருப்பு வாரை மடக்கி மடக்கி விட்டுக்கொண்டிருந்தாள். நான்கு வயது. காலையில் பக்கத்துப் பிள்ளையின் தோளை ரத்தம் கட்டும் அளவுக்குக் கடித்துவிட்டாள். யாரோ மேசையைத் தரையில் இழுத்தார்களாம். அந்தச் சத்தம்தான் காரணம்.

"டாக்டர்ட்ட காட்டி ரிப்போர்ட் கொண்டாங்க சார். அப்பதான் இவகூட இருக்க ஒரு உதவி ஆசிரியை கேட்டு வாங்க முடியும். அதுவரைக்கும் இவளை வெச்சுக்க எனக்குத் தைரியம் இல்ல."

கூப்பிட்டுப் பார்த்தேன். ஆறு முறை. அவள் திரும்பவில்லை.

மார்ச் 4

மகள் கேட்கிறாள்: "எனக்கு அப்புறம் இவளை யாருப்பா பாத்துப்பா?" அவளுக்கு முப்பத்தொரு வயது. கேட்கிற வயதா இது?

மார்ச் 9, திங்கள்

குழந்தை வளர்ச்சி மையத்தில் நான்கு மாதம் காத்திருக்கவேண்டுமாம். யாரோ வராமல் போனதால் 26ஆம் தேதி கிடைத்தது. வெளியூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை போனில், "நான்கூட மூணு வயசுவரைக்கும் பேசலியாம் மாமா, எதுக்கு இவ்ளோ பயம்?" என்றார். அவர் குரல்தான் நடுங்கியது.

என்னென்ன கவனிப்பார்கள் என்று மையத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். கூப்பிட்டால் திரும்புகிறதா? முகத்தைப் பார்க்கிறதா? வேண்டியதை விரலால் சுட்டுகிறதா? பன்னிரண்டு வரி. படிக்கப் படிக்க ஒவ்வொன்றுக்கும் 'இல்லை' என்றே பதில் வந்தது. அப்புறம், எழுதவே கூச்சமாக இருக்கிறது, கொஞ்சம் தெம்பு வந்தது. தேர்வுக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறதே.

மார்ச் 14, சனி

காலையில் அரைமணி, மாலையில் அரைமணி. பேரைச் சொல்லிக் கூப்பிடுவது, திரும்பினால் ஓர் உலர்திராட்சை. அதை என் மூக்குக்கு நேரே பிடித்தால் முகத்தைப் பார்க்கிறாள். மூக்கைத்தான் பார்க்கிறாள், எதிரே இருப்பவருக்கு அது தெரியாது. வகுத்தல் புரியாத பையன்களிடம் படிகளை மனப்பாடம் செய்யவைத்து நான் விடை வரவழைத்ததில்லையா? அதேபோலத்தான்.

மார்ச் 22, ஞாயிறு

பத்துக்கு எட்டு முறை திரும்புகிறாள். பந்து, நாய், கப் எல்லாவற்றையும் படத்தில் சுட்டுகிறாள். மகள் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய் அழுதாள், சந்தோஷத்தில்.

குளிப்பாட்டும்போது சில்லுவின் மணிக்கட்டில் பல் தடம். அவள் பல்தான். புதிது. முழுக்கைச் சட்டை போட்டுவிட்டேன்.

மார்ச் 26, வியாழன்

தேறிவிட்டாள்.

உளவியலாளர் சின்ன வயதுப் பெண். "தன்னையோ மத்தவங்களையோ கடிக்கிறாளா?" என்றபோது மகள் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "எப்பவாவதும்மா. எல்லாப் பிள்ளைங்களையும் மாதிரிதான்."

"நல்லாவே பதில் தர்றா. இன்னைக்குப் பார்த்ததை வெச்சு ஆட்டிசம்னு எழுத முடியல. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்."

லிஃப்ட்டில் மகள் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை மாதமாயிற்று!

வாசலில் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. சில்லு என் கையை உதறிவிட்டுச் சாலைக்குள் ஓடினாள். பஸ் நின்றது, ஒரு முழத் தூரத்தில். அவள் அங்கேயே உட்கார்ந்து நெற்றியைத் தார்ச்சாலையில் மோதினாள். மறுபடி மோதினாள். "சில்லு, சில்லு" என்று கத்தினேன்.

திரும்பினாள். என் மூக்கைப் பார்த்தாள். நெற்றியில் ரத்தம் வழிய, திராட்சைக்காக வாயைத் திறந்து காத்திருந்தாள்.

மார்ச் 27

என்ன காரியம் பண்ணிட்டேன். ரிப்போர்ட் இல்லை, உதவி ஆசிரியை இல்லை, பள்ளி இல்லை. ஆறு மாதம். அதுக்குள்ள இன்னொரு பஸ் வராதா?

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மணிக்கட்டையும் சேர்த்து. அவள் சில்லுவின் சட்டைக் கையை மடித்து அந்தத் தடத்தைப் பார்த்தாள்.

"கேள்வித்தாளை முன்கூட்டியே காட்டிட்டீங்களேப்பா. இதே வேலையைப் பண்ணின ஒரு வாத்தியாரோட நீங்க கடைசிவரைக்கும் பேசவே இல்ல."

மார்ச் 30, திங்கள்

மையத்துக்குப் போய் ஒப்புக்கொண்டேன். வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி நின்றேன்.

"என் தப்பும் இருக்கு சார். பள்ளிக்கூடத்துல ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்," என்றார் உளவியலாளர். "ஏன் சார் இவ்ளோ பாடுபட்டீங்க?"

"பயம்மா. அந்தப் பேர் அவமேல விழுந்துட்டா…"

"பேர் விழலைன்னா பஸ் நின்னுடுமா சார்?"

அந்தப் பன்னிரண்டு வரித் தாளை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன்.

"இனிமே ஒண்ணும் சொல்லிக்கொடுக்காதீங்க. அவ எப்படி இருக்காளோ அப்படியே போன்ல படம் பிடிச்சுக் கொண்டாங்க. நானும் பள்ளிக்கூடத்துல பேசறேன்."

ஏப்ரல் 17, வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆட்டிசம். மகள் போட்ட கையெழுத்து கோணிப் போயிற்று. பயம் போகவில்லை. பயந்துகொண்டே செய்வதற்கு வேலை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி. பள்ளியில் உதவி ஆசிரியைக்கு விண்ணப்பம்.

ஜூன் 16, செவ்வாய்

இரண்டாவது வாரமாகப் பள்ளிக்குப் போகிறாள். பேச்சுப் பயிற்சியாளர் கொடுத்த மூன்று பட அட்டைகள் அவள் சட்டைப்பையில்.

இன்று ஷூ மாட்டிவிட்டபடி வலது எது, இடது எது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஓர் உதாரணம், அதை விளக்க இன்னோர் உதாரணம். அவள் மணிக்கட்டு வாயை நோக்கிப் போயிற்று.

கை பாதியில் நின்றது. பைக்குள் போனது. ஓர் அட்டையை எடுத்து நேராக என் வாய்மேல் வைத்து அழுத்தினாள். விரித்த உள்ளங்கைப் படம். 'போதும்.'

மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "முப்பத்துநாலு வருஷமா ஒரு பிள்ளைக்கும் வராத தைரியம்ப்பா."

நாளைக்காக எழுதி வைக்கிறேன்: அவள் அந்த அட்டையைக் காட்டினால், சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியத்தைப் பாதியிலேயே நிறுத்து.