மனம் மாறாதவளுக்கு

இன்று காலை மருமகள் கொடுத்த டீயில் ஏலக்காய் வாசம் அடித்தது. குரங்கணிச் சரிவில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவன் வீட்டில் இதிலென்ன அதிசயம் என்று ஊரார் கேட்பார்கள். உனக்கு அந்த வாசம் ஆகாது. ஏலக்காரன் பெண்டாட்டியாக வந்து, கடைசிவரை டீயில் ஒரு காயைக்கூட நீ தட்டிப் போட விட்டதில்லை. மருமகளைக் குறை சொல்ல முடியாது. தடுக்க ஆளில்லை, போட்டுவிட்டாள். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். அழுகை வந்துவிட்டது.

டீயில் மட்டுமா நீ எதிர்க்கட்சி? பொட்டிபுரம் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வரப்போகிறது என்றதும் நான் எதிர்ப்புக் குழுவில் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் பாடம் எடுத்த நீ, வரட்டும், நம் பிள்ளைகள் அதில் போய்ப் படிக்கட்டும் என்றாய். சோறு போடும்போதும் சண்டை, ஜீப்பில் தோட்டத்துக்குப் போகும்போதும் சண்டை.

ஆனாலும் கூட்டத்துக்குப் போகுமுன் என் பேச்சை உன்னிடம்தான் சொல்லிக் காட்டுவேன். கதிர்வீச்சு வந்து ஊரையே அழிக்கும் என்று ஆரம்பித்தால் கையமர்த்துவாய்.

“நியூட்ரினோ இந்நேரம் உங்க உடம்புக்குள்ளயும்தான் போயிக்கிட்டிருக்கு. அது ஒண்ணும் பண்ணாது. தண்ணி என்னாகும்னு கேளுங்க, பாறைக்கு வெடி வச்சா என்னாகும்னு கேளுங்க. அதுக்குப் பதில் சொல்ல நானே திணறுவேன்.”

எதிராளிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கிற உன்னை என்னவென்று சொல்வது! நீ சொன்னதைத்தான் மேடையில் கேட்பேன். வீட்டுக்கு வந்தால் மறுபடி சண்டை.

நீ போனபிறகு பொட்டிபுரத்தில் நடந்த முதல் கூட்டத்தில் உனக்கும் அஞ்சலி வைத்திருந்தார்கள். உன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் குழுச் செயலாளர் என்னைத் தனியே அழைத்தார்.

“அண்ணே, டீச்சர் கடைசியில மனசு மாறிட்டாங்கன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. அவுககிட்டப் படிச்ச பிள்ளைக பூராம் நம்ம பக்கம் வந்துரும்.”

கெட்ட மனிதர் இல்லை அவர். மலை பிழைக்க வேண்டும் என்ற தவிப்பு. எனக்கும் அதே தவிப்புதான். சொல்லிவிட்டால் மறுக்க நீ வரப்போவதில்லை. அந்த நினைப்புத்தான் என்னைக் கொன்றது.

மைக்கைப் பிடித்தேன்.

“எங்க டீச்சரு மனசு மாறல. மூக்குல குழாயோட படுத்திருக்கும்போதும் என்கூடச் சண்டதான். நானும் மாறல.”

பிறகு தண்ணீரைப் பற்றிப் பேசினேன். கைதட்டல் சுரத்தாக இல்லை. செயலாளர் அதன்பின் எனக்கு முகம் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, பேச்சில் எங்கே சறுக்கினேன் என்று உன்னிடம் கேட்க வாயெடுத்துவிட்டேன். உள்ளே மருமகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

இப்போதும் எதையாவது அடித்துச் சொல்லப் போனால், “அது நெசந்தானா?” என்று நீ கேட்பது முன்னால் வந்து நிற்கிறது. பாதியில் நிறுத்திக்கொள்கிறேன். பிள்ளைகள் அதற்கும் சரிப்பா, சரிப்பா என்று தலையாட்டுகிறார்கள். என்னால்தான் தாங்க முடியவில்லை.