கடமையும் டூட்டியும்

கும்மிடிப்பூண்டி
12-8-1974

நைனாவுக்குக் கும்பிட்டு எழுதுவது. என் உடம்பு சுகம். உங்கள் இருமல் எப்படி?

கவலைப்பட ஒன்றுமில்லை. என் அறையில் தங்கியிருந்த அரசப்பன், பெண்டாட்டிக்குப் பிரசவ வலி என்று கம்பெனியில் சொல்லாமல் ஊருக்கு ஓடினான். "அவன் எங்கடா?" என்றார் சூப்பர்வைசர். தலை போனாலும் பொய் சொல்லாதே, அதுதான் கடமை என்பீர்களே! உள்ளதைச் சொன்னேன். நான் கடமையைச் செய்தேன், அவனுக்கு டூட்டி போய்விட்டது.

"கக்கூஸ்ல கீறான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னாடா கொறஞ்சிருப்ப, மகா யோக்கியரே?" என்று ஊரிலிருந்து திரும்பி வந்து கேட்டவன், பெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

தலை போனாலும் என்றீர்கள் நைனா, யார் தலை என்று சொல்லவில்லையே?

சமையல் அவன்தான். ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று அம்மாவைக் கேட்டு எழுதவும். சங்கு ஊதுகிறது, ஓடுகிறேன்.

தங்கள் மகன்,
தணிகாசலம்