கதவை மூடக் கூடாத நாள்

ஸ்மெதெரெவோ, டிசம்பர்

அன்பு மகள் திராகானாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதைச் சுகம் என்றே வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் அந்த ஓஸ்லோ குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கர்த்தரைக் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், தைலம் தேய்க்கச் சொன்னால் எரிந்து விழுகிறாள்.

நம் குடும்பத்தைக் காக்கும் புனித நிக்கோலாஸின் திருநாள், ஸ்லாவா, முடிந்தது. மெழுகுவர்த்தி ஏற்றி, கோதுமை வேகவைத்து, கெண்டை மீன் பொரித்து எல்லாம் முறைப்படிதான் செய்தோம். மத்தியானம் பக்கத்து வீட்டு ஸ்தானியா வந்தாள், அவள் மகன் நெபோய்ஷா போன பிறகு இதுதான் முதல் தடவை. "உன்னைப் பார்க்க வரலை ரதோயே, புனிதரைப் பார்க்க வந்தேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவள் பிள்ளையைக் கொன்ற ஹெராயினைக் கொடுத்தது உன் அண்ணன்தானே.

அவள் ஒரு கரண்டி கோதுமை வாயில் போட்டிருப்பாள், மறுபடி கதவு தட்டுகிற சத்தம். போய்ப் பார்த்தால் உன் அண்ணன் வூகோட்டா. இந்த வாசலை மிதிக்காதே என்று நான் விரட்டியவன், எலும்பும் தோலுமாக நிற்கிறான். ஸ்லாவா அன்று யாரையும் அழைப்பதில்லை, வந்தவரை விரட்டுவதும் இல்லை, அதனால்தான் அந்த நாளாகப் பார்த்து வந்திருக்கிறான் படுபாவி. "ஊசியை விட்டுட்டேன்ப்பா, மடத்துப் பண்ணையில இருக்கேன். ஒரு வாய் கோதுமை குடுங்க, போயிடறேன்" என்றான். ஊதாரிப் பிள்ளையைத் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான் என்று வேதத்தில் இருக்கிறது. என் கால் அசையவில்லை மகளே. கோபமும் இல்லை, பாசமும் இல்லை, மரத்துப்போய் நின்றேன். வேதத்தில் உள்ள தகப்பனுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு ஸ்தானியா இல்லை. அவள் உள்ளே இருக்கும்போது இவனை எப்படி விடுவது? கதவை மூடப் போனேன்.

பின்னாலிருந்து ஸ்தானியா, "என்ன பண்றே ரதோயே? இன்னைக்கு இது உன் வீடில்லை, புனிதர் வீடு. வரச் சொல்லு. எனக்கு எதிர்ல உட்கார வைக்காதே, பக்கத்துல வை, மூஞ்சியப் பார்க்க வேண்டாம்" என்றாள். உட்கார்ந்தான். அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. ஸ்லாவா அன்று வீட்டுக்காரன் உட்காரக் கூடாதே, நான் நின்றபடி இருவருக்கும் மீன் வைத்தேன். அவனுக்குக் கை நடுங்கி முள் எடுக்க வரவில்லை. ஸ்தானியா அவன் பக்கம் திரும்பாமலே தட்டை இழுத்து, முள்ளை எடுத்துவிட்டு, திரும்பத் தள்ளினாள். புறப்படும்போது அவனிடம், "மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. ஆனா அடுத்த வருஷமும் உயிரோட வா. இந்தத் தெருவுக்கு ஒரு சவப்பெட்டி போதும்" என்றாள். நடந்ததைச் சொன்னால், அவள் மன்னித்துவிட்டாள் என்கிறார் நம் பாதிரியார். எனக்குத் தெரியவில்லை.

கர்த்தர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். அம்மா முத்தம் அனுப்பச் சொன்னாள். அண்ணனுக்கு எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம், ஸ்தானியாவுக்கு மட்டும் கட்டாயம் ஒரு வரி எழுது. என்ன எழுதினாய் என்று எனக்கும் சொல். சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள், அவளிடம் பேச எனக்கு ஒரு வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

உன் அப்பா,
ரதோயே