அக்காவின் முன்முடி

சனிக்கிழமை, இரவு

நாளை அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்காக இன்று அவளைப் பதுளையில் ஒரு பெண்கள் சலூனுக்குக் கூட்டிப்போனேன். முடி வெட்ட மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். போன வருடம் இதில் பாதிதானாம். நான் ஃபிரிட்ஜ் திருத்தும் தொழில் படித்தவன். எந்த வேலைக்கு எவ்வளவு கூலி கேட்கலாம் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்குத் திரும்பும் லுணுகலை பஸ்ஸில் என்னால் வாயை அடக்க முடியவில்லை. "ரெண்டு அங்குலம் வெட்ட இவ்வளவா? எனக்கு ஐந்நூறுதான் வாங்குறான்."

"ஒனக்குப் புல்லு வெட்டுற மெசினே போதும்டா" என்று அக்கா சிரித்தாள்.

நான் விடவில்லை. "முன்னால மட்டும் அந்த சலூன்காரி குட்டையா வெட்டி வச்சிருக்கா. வேலையும் சுத்தமில்ல."

அவள் சிரிப்பு நின்றது. "நான்தான் அப்படி வெட்டச் சொன்னேன்" என்று முன்முடியை ஒதுக்கிக் காட்டினாள். அங்கே விரல் அகலத்துக்கு முடியே இல்லை. தேயிலைத் தோட்டத்தில் அவள் சுமக்கும் கொழுந்துக் கூடையின் கயிறு அழுந்தும் இடம் அது. வீட்டிலும் தலையில் துணி கட்டியிருப்பாள். நான் பார்த்ததே இல்லை.

"போன தடவ வந்தவங்க இதப் பாத்துட்டுத்தான் வேணாம்னாங்க."

அந்தக் கூடையைச் சுமந்துதான் என்னைப் படிக்க வைத்தாள்.

வெட்டியது சரியான வேலைதான். அந்த இடம் தெரியவில்லை. காசு வீண் என்று இனிச் சொல்ல மாட்டேன். ஆனால் நாளை அவர்கள் சரி என்றாலும், திங்கட்கிழமை காலையில் தோட்டத்துப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு அதே இடத்தில்தான் கயிற்றைப் போடுவாள். போகாதே என்று சொல்ல என் சம்பளம் போதாது.