கண் மண் தெரியாத கோபம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் என் வீட்டுக்காரரும் நலம். உன் மகளும் நலம்தான். வெயிலில் மூக்கு மட்டும் கறுத்திருக்கிறது.

உன் புருஷன், என் அருமைத் தம்பி, உனக்கு எழுதச் சொன்னான். நான் சொன்னால் நீ கேட்பாயாம். அவன் திருந்திவிட்டானாம். லீவுக்கு வந்த மகளோடு எங்களையும் காட்டுக்குக் கூட்டிப்போனதே அதற்குச் சாட்சியாம். திரும்பி வரலாமா வேண்டாமா என்று நீ தவிப்பது எனக்குத் தெரியும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆற்றங்கரை விடுதி. இடத்தைக் குறை சொல்ல மாட்டேன். மரத்தூண்கள் மேல் நிற்கும் குடில்கள், கொசுவலை கட்டிய கட்டில், படியிறங்கினால் தண்ணீர். துண்டை மடித்துக் கட்டிலில் ஓர் அன்னம் செய்து வைத்திருந்தார்கள். அது கலைந்துவிடும் என்று உன் மகள் ஓரமாகவே சுருண்டு படுத்தாள். தம்பித் துரையோ வந்ததும் வராததுமாகச் சத்தம் போட ஆரம்பித்தார். ஜன்னலிலிருந்து ஆறு தெரியும் என்றார்களாம், மரம் மறைக்கிறதாம். காட்டுக்குப் போய் மரம் மறைக்கிறது என்று சண்டை போட ஒரு ஆள் வேண்டுமே, அது என் கூடப்பிறந்ததாகவா இருக்க வேண்டும்? வரவேற்பில் இருந்த பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் வழக்கம்போல நைசாக ஆற்றைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

அவன் உடுப்பை நீ பார்த்திருக்க வேண்டும். பச்சைச் சட்டை, அதில் எங்கே பார்த்தாலும் பை, கழுத்தில் புது பைனாகுலர், தலையில் தொப்பி. ஜன்னல் திரையைக் கிழித்துச் சுற்றிக்கொண்ட மாதிரி இருந்தான். சாப்பிடும்போது சூப் ஆறிப்போச்சு என்று பரிமாறியவரை விரட்டிவிட்டு, எங்களுக்குத் தத்துவம் சொன்னான். கோபம் அவன் கையில் இல்லையாம். வந்துவிட்டால் கண் மண் தெரியாதாம். பிறவிக் குணமாம். உனக்கும் இத்தனை வருஷமாக இதே பாட்டுத்தானே.

மறுநாள் காலையில் ஜீப்பில் போனோம். ஆறு வளையும் இடத்தில் யானைகள் குட்டியோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. டிரைவர் வண்டியை நிறுத்தி, வாயைத் திறக்கக் கூடாது என்று சைகை காட்டினார். அப்போது ஒரு பெரிய யானை எங்கள் பக்கம் திரும்பி, காதை விரித்துக்கொண்டு நின்றது. பயத்தில், உன் மகள் அப்பாவிடம் வாங்கிக் கையில் வைத்திருந்த பைனாகுலர் நழுவி வெளியே கல்லில் விழுந்து நொறுங்கியது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன், யானைக்குப் பயந்து இல்லை.

தம்பி மெல்லக் குனிந்தான். "பரவாயில்லடா கண்ணு, போனா போகுது" என்றான். எவ்வளவு பதமாகச் சொன்னான் தெரியுமா! அப்படி ஒரு குரல் அவனுக்கு உண்டென்று அவனைத் தூக்கி வளர்த்த எனக்கே தெரியாது. யானைகள் நகரும்வரை அதே குரல்தான். குழந்தை அவன்மேல் சாய்ந்துகொண்டாள். பொய் சொல்வானேன், எனக்கும் நெஞ்சு இளகிவிட்டது. உனக்கு நல்ல சேதி எழுதலாம் என்றுகூட நினைத்தேன்.

விடுதி வாசலில் கால் வைத்ததும் ஆரம்பித்தான். அதே பைனாகுலருக்காகத்தான். அறிவிருக்கா, கையா மரக்கட்டையா, உன் அம்மா வளர்த்த லட்சணம் என்று ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. சமையலறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். குழந்தை அழவில்லை. என்னிடம் வந்து, "அத்தை, யானை பக்கத்துல இருந்தாதான் அப்பாவுக்கு மெதுவா பேச வருமா?" என்று கேட்டாள்.

கண் மண் தெரியாதாமே, யானை மட்டும் எப்படித் தெரிந்தது? அவனை மிதிக்கக்கூடியது எதிரே நின்றால் பிறவிக் குணம் பெட்டிப்பாம்பாய் அடங்குகிறது. வீட்டில் புலி, காட்டில் எலி. இதை அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். தொப்பியைக் கழற்றித் தூசி தட்டினான். பிறகு வெட்கமே இல்லாமல், கடிதத்தை நல்லபடியாக எழுது என்றான்.

நல்லபடியாகத்தான் எழுதுகிறேன். வராதே. அவனுக்குக் காய்ச்சல் தலைவலி என்றால் பார்க்க நான் இருக்கிறேன், கூடப்பிறந்த பாவம். நீ வந்தால் எனக்குப் பேச்சுத்துணை ஆச்சு என்ற ஆசை இருக்கிறது. அதற்காக உன்னைக் கூப்பிட்டால் நான் மனுஷி இல்லை.

லீவு முடிவதற்குள் குழந்தையை நானே கொண்டுவந்து விடுகிறேன். பார்த்ததும் நீ பதறக் கூடாது. காட்டிலிருந்து வந்ததிலிருந்து அவள் வாய்க்குள்ளேயே பேசுகிறாள். தண்ணீர் கேட்பதுகூடக் காதோடு காதாகத்தான். உரக்கப் பேசு என்று வற்புறுத்தாதே, தானாக வரட்டும். என்றைக்காவது உன்மேலேயே கோபித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி அவள் கத்துவாள். அன்றைக்கு அவளை அதட்டாதே அம்மாடி. உடனே எனக்கு ஒரு வரி எழுது.

இரண்டு பேரும் நன்றாயிருங்கள்.

உன் அக்கா