மாட்டுக்கு விட்ட வழி

நவம்பர் 9

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். அண்ணி உன்னை விசாரித்தாள். உன் விதைப் பண்ணையிலிருந்து நீ அனுப்பிய மக்காச்சோளத்தை உன் பங்கு நிலத்தில் போட்டேன். உரத்திலும் குறை வைக்கவில்லை. அறுத்துப் பார்த்தால் என் பழைய விதை கொடுக்கும் அதே விளைச்சல்தான். தங்கச்சி உருவாக்கிய விதை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். இப்போது வெளியே தலைகாட்ட முடியவில்லை.

விளையாவிட்டால் பங்கை எனக்கே எழுதித் தருகிறேன் என்றது உன் வாய்தான். தாள் அனுப்பியிருக்கிறேன், கையெழுத்துப் போடு. வயலின் போட்டோவும் இருக்கிறது, நான் பொய் சொல்லவில்லை என்று பார்த்துக்கொள்.

அண்ணன்

நவம்பர் 20

அண்ணா,

போட மாட்டேன். தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

போட்டோவைப் பார்த்தேன். வரிசைக்கு வரிசை ஒரு மாடு தாராளமாக நடந்து போகலாம். அப்பா காலத்தில் களையெடுக்க மாடு நடந்தது, சரி. மாட்டை விற்று டிராக்டர் வாங்கி எத்தனை காலமாயிற்று? இன்னும் யாருக்கு வழி விட்டுக்கொண்டிருக்கிறாய்? நெருக்கி நடச் சொல்லி விதைப் பையிலேயே எழுதியிருந்தது. என் விதையைக் குறை சொல்லாதே.

வாயாடி

டிசம்பர் 6

வாயாடிக்கு,

பையில் எழுதியதையெல்லாம் நம்பினால் விளங்கினாற்போலத்தான். நீ பிறக்கும் முன்னே அப்பாவும் ஒருதரம் நெருக்கி நட்டுப் பார்த்தார். பாதித் தட்டையில் கதிரே இல்லை, மிச்சம் காற்றில் படுத்துவிட்டது. அந்த வருஷம் அம்மா அழுததை நான் பார்த்திருக்கிறேன். வீம்பு பிடிக்காதே.

அண்ணன்

மார்ச் 2

அண்ணா,

அது அப்பாவின் விதை. நெருக்கினால் கதிர் விடாது. நூறு வருஷமாக விளைச்சல் ஏறியதற்கு உரமும் எந்திரமும் பாதிக் காரணம், நான் மறுக்கவில்லை. மீதி எங்கள் வேலை. ரகத்தோடு ரகம் சேர்த்து, நெருக்கி நட்டு, வாட்டி, அப்படியும் சாயாமல் நின்று கதிர் விட்டதை மட்டும் பொறுக்கினோம். தாராளமாக இடம் விட்டு வளர்த்தால் உன் விதைக்கும் என் விதைக்கும் பெரிய வித்தியாசமில்லை. நெருக்கினால்தான் எது எதுவென்று தெரியும்.

லீவு போட்டுவிட்டேன். என் பங்கில் நானே வந்து விதைப்பேன். நீ வரப்பில் நின்று சிரி. சாய்ந்தால் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடுகிறேன்.

வாயாடி

அக்டோபர் 21

அன்புத் தங்கைக்கு,

முந்தாநாள் அடித்த காற்றில் என் பக்கம் பாதி படுத்துவிட்டது. உன் பக்கம் நின்றது.

நேற்றுக் கதிர் ஒடிக்கப் போனால் உள்ளே கையை வீசி நடக்க இடமில்லை. உன்னைத் திட்டிக்கொண்டே ஒருக்களித்து நடந்தேன். கதிர் ஒன்றும் பெரிசில்லை, என்னுடையதைவிடச் சின்னதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லாத் தட்டையிலும் இருக்கிறது. வண்டி கொள்ளவில்லை. அண்ணி என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள்.

என் பக்கத்துக்கும் விதை அனுப்பு. மாட்டுக்கு வழி விட மாட்டேன்.

அந்தத் தாள் இத்துடன் இருக்கிறது. நானே கிழித்திருப்பேன். அந்தச் சுகம் உனக்குத்தான் சேர வேண்டும்.

அண்ணன்