மாஸ்டருக்குப் பொன்னாடை

ஜூன் 2, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்று. குற்றாலத்தில் சாரல் என்று ஊரே வாட்ஸ்அப்பில் அருவியை அனுப்பிக்கொண்டிருக்கிறது. சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்வது மண் மட்டும். அச்சக வாசலில் விரித்திருந்த ஃப்ளெக்ஸ் பறந்துபோய் எதிர் டீக்கடை பாய்லர்மேல் விழுந்தது. பூப்புனித நீராட்டு விழா. டீக்கடைக்காரர் தாய்மாமன் பட்டியலை முழுசாக வாசித்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார்.

பதினோரு மணிக்குப் புளியங்குடி. அணி முதலாளியின் (இனி மு.) எலுமிச்சை கமிஷன் கடையில் கமிட்டியின் அவசரக் கூட்டம். எங்கள் கால்பந்து அணி 'சங்கை சூறாவளி' லீக்கில் எட்டுக்கு எட்டாவது. சம்பளம் வாங்கி ஆடுகிற பையன்கள். சும்மா ஆடுகிறவன்கூட இப்படித் தோற்க மாட்டான். கடைசி ஆட்டத்தில் எங்கள் கோலுக்குள் நாங்களே இரண்டு அடித்தோம். மைக்கில் வர்ணனை நான். "சூறாவளிக்குத் திசை கிடையாது" என்றேன். மு. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அணியின் செயலாளரும் நான்தான். பந்தைக் கடைசியாக உதைத்தது கல்லூரியில். அன்றும் செருப்புதான் தூரம் போனது. ஆனால் கல்யாண வரவேற்பு, கோயில் கொடை என்று சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவன், சொந்த அச்சகம் வேறு, நோட்டீஸ் இலவசம். தகுதி போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

தீர்மானங்கள்:

1. அணியை அடியிலிருந்து கட்டுவது.

2. 14ஆம் தேதி டிராஃப்ட். அணிகள் முறைவைத்து ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி எடுக்கும் நாள். கடைசியில் வந்தவனுக்கு முதல் பெயர். தோற்றதில் கிடைத்த ஒரே லாபம். மு.: "நாம திட்டம் போட்டுத் தோத்த மாதிரியே வெளிய சொல்லணும்வே."

3. கோச்சை மாற்றுவது.

மூன்றாவது வந்ததும் ஏழு பேரும் மேசையைப் பார்த்தோம். ஐசக் மாஸ்டர். பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருஷமாக எங்கள் கோச். சாயங்காலம் என்னோடு டீ. மாற்றத்தான் வேண்டும், அது எனக்கும் தெரியும். ஐந்து பேரைப் பின்னால் நிறுத்து, பந்தை வானத்துக்குத் தூக்கி அடி, மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும் என்பது அவர் ஆட்டம். காற்று ஒரு தடவைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை.

யார் சொல்வது?

"மூஞ்சிக்கு நேரா எப்படிவே போன்னு சொல்லுதது?" மு. ஒரு எலுமிச்சையை மேசையில் உருட்டிக்கொண்டே யோசித்தார். "ஒரு பாராட்டு விழா வச்சிருவோம். மாலை, பொன்னாடை, கேடயம். அவரே புரிஞ்சிக்கிடுவாரு."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. எங்கள் பக்கம் யாரையும் நீக்குவது கிடையாது, பாராட்டிவிடுவோம். எங்களுடைய பழைய பொருளாளரும் அப்படித்தான் போனார். வீட்டில் கேடயம் இருக்கிறது, சாவிக்கொத்து இல்லை.

விழா வாசகம் எழுதும் பொறுப்பு: வேறு யார்.

ஜூன் 4, வியாழன்

காற்று. கரண்ட் இல்லை. வாசகம் வரவில்லை.

'விடைபெறும் ஐசக் மாஸ்டர்.' கருமாதி அட்டை மாதிரி. அடித்தேன்.

'ஓய்வு பெறும்.' அவர் ஓய்வு கேட்கவே இல்லையே. அடித்தேன்.

'கால்பந்துக் களத்தின் கலங்கரை விளக்கமே! உங்கள் வழிகாட்டல் எங்களுக்கு என்றும் தேவை!' போனில் வாசித்தேன். மு.: "கண்ணுல தண்ணி வருதுவே. போட்டிரும்."

சண்முகத்தாய் வாசித்தாள். இருபத்தாறு வருஷமாக வீட்டில் எனக்கு வாய்த்த விமர்சகர்.

"ஆளப் போகச் சொல்லுத மாதிரியா இருக்கு? இன்னும் பத்து வருசம் இருங்கன்னுல்லா சொல்லுது."

"நாசூக்கா எழுதியிருக்கேன்."

"நாசூக்கா? பயம்னு சொல்லுங்க."

அச்சுக்குப் போட்டேன். பத்தடி. மஞ்சள் எழுத்து.

ஜூன் 6, சனி

விழா. கல்யாண மண்டபச் சாப்பாட்டுக்கூடம். வெக்கை. கேசரி, வடை. கேசரியில் முந்திரி இருந்ததை ஒருவர் எழுந்து நின்று அறிவித்தார்.

மு. பொன்னாடை போர்த்தினார். மாஸ்டரின் கண் கலங்கியது. புரிந்துவிட்டது என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாஸ்டர் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"இத்தன தோல்விக்கப்புறமும் ஒரு மனுசனக் கூப்பிட்டு மால போடுதீங்கன்னா, அது நம்பிக்கைல்லா! வேற ஊரா இருந்தா வீட்டுக்கு அனுப்பியிருப்பான். இந்த நம்பிக்கைக்காகவே சொல்லுதேன், அடுத்த சீசன் கப்பு நமக்குத்தான். திங்கக்கிழம காலைல அஞ்சரைக்கு எல்லாவனும் கிரவுண்டுல நிக்கணும்!"

கைதட்டல். மு.வும் தட்டினார். வேறு என்ன செய்வார்? நாற்பது நிமிடப் பேச்சு. நடுவில் இரண்டு முறை மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். தொகுப்பாளர் நான், உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். என்ன சொன்னேன்? "வடை ஆறிக்கொண்டிருக்கிறது என்று சமையல் கட்டிலிருந்து தகவல்." நல்ல சிரிப்பு. என் வாயில் மண்ணைப் போட.

கிளம்பும்போது மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாசகம் நீ எழுதுனதுதானவே? 'என்றும் தேவை'ன்னு போட்ட பாரு. வீட்ல ஜெசி அத ஹால்ல மாட்டணுங்கா."

அவர் ஹாலே எட்டடி. மடக்கி மாட்டுவார்களாம்.

ஜூன் 8, திங்கள்

புது கோச் நவீன் வந்து இறங்கினார். சென்னை ரயில். வயது முப்பத்துநாலு, லேப்டாப், கூம்பு கூம்பாக ஆரஞ்சுப் பிளாஸ்டிக் ஒரு மூட்டை. நேராகக் கிரவுண்டுக்குக் கூட்டிப்போனேன். மாஸ்டர் அஞ்சரையிலிருந்து அங்கே. விசில், பொன்னாடைப் பெருமிதம்.

லேப்டாப்பைப் பார்த்தார். "கம்ப்யூட்டருக்கு ஆள் போட்டுட்டீங்களா? ரொம்ப நாளா நான் கேட்டதுல்லா. வாங்க தம்பி."

நவீன் என்னை ஓரமாக இழுத்து, "சார், இவர் யாரு?"

"ஆலோசகர்."

மாஸ்டர் என்னை இந்தப் பக்கம் இழுத்து, "பையன் யாருவே?"

"உங்க உதவிக்கு."

ஒரு நிமிடத்தில் இரண்டு பொய். என் சராசரிக்கே அதிகம்.

சாயங்காலம் கேப்டன் மாரியப்பன் அச்சகத்துக்கே வந்துவிட்டான். "அண்ணாச்சி, காலைல மேல தூக்கி அடிங்காரு. சாயங்காலம் தரைய விட்டு எடுக்காதங்காரு. நாங்க இடுப்பளவுல வச்சு ஆடுதோம், சரியா?"

மு.வுக்குப் போன் செய்தேன். "நீரு சமாளியும்வே. உமக்குத்தான் பேச்சு வருமே."

ஜூன் 10, புதன்

டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்த பையன்களை ஓடவிட்டுப் பார்த்தோம். எட்டு அணிக்காரர்களும் வேலி ஓரம். மு. ஒவ்வொருவனாக நிறுத்திக் கெண்டைக்காலை அமுக்கினார், எலுமிச்சை வாங்குகிற மாதிரியே. கடையநல்லூர் அனீஸுக்குக் கூச்சம், துள்ளிவிட்டான். "பாத்தேரா, என்ன வேகம்!" என்றார். "தோல் மெல்லிசு. உள்ள சரக்கு இருக்கு."

நவீனுக்கும் அனீஸ்தான். கோல் அடிப்பவன். லேப்டாப்பும் அதையே சொல்கிறது.

மாஸ்டர் மட்டும் இல்லையென்று தலையாட்டினார். "அனீஸ் நல்ல பையன். ஆனா நமக்கு ஓட்ட பின்னாலல்லா இருக்கு? அந்தா நிக்கான் பாருங்க, பேச்சிமுத்து. கரிசல்ல ஓடிப் பழகுன காலு. அவனத் தாண்டி ஒருத்தன் போக முடியாது." யாரும் காதில் வாங்கவில்லை. நானும்.

மத்தியானம் லீக்கிலிருந்து சுற்றறிக்கை. எல்லா அணியும் கோச் பெயரைச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் தர வேண்டும். பிறகு சீசன் முடியும்வரை மாற்றம் கிடையாது. திருவேங்கடம் அணி மட்டும் கோச் இல்லாமல் முழித்துக்கொண்டிருக்கிறது. போன வருஷம் ஏழாவது. எங்களுக்குச் சொந்தம் மாதிரி.

மு. கதவைச் சாத்தச் சொன்னார். "சனிக்கெழம ஆறு மணி வரைக்கும் மாஸ்டர்ட்ட ஒருத்தனும் மூச்சு விடப்பிடாது. இந்த வட்டாரத்துல உள்ள அத்தன பயலுவ காலும் அவருக்கு மனப்பாடம். விசயம் தெரிஞ்சா திருவேங்கடத்துக்காரன் தூக்கிட்டுப் போயிருவான்."

"அப்ப இந்த வருசம் அவருக்கு?"

"அதான் பொன்னாட போத்தியாச்சுல்லா."

ஜூன் 11, வியாழன்

காற்று நின்றது. அதனால் கொசு.

டீக்கடை. மாஸ்டர், நான், மிளகாய் பஜ்ஜி. சொல்லக்கூடாது என்பது உத்தரவு. அது எனக்கு வசதியாகவும் இருந்தது. அதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

மாஸ்டர் தானாகவே ஆரம்பித்தார். "திருவேங்கடத்துக்காரங்க போன் போட்டாங்கவே. வந்து பாத்துக்கிடுங்க மாஸ்டர்னு கெஞ்சுதாங்க."

"என்ன சொன்னீங்க?"

"எங்க ஊர்ல இப்பதான் பொன்னாட போத்தியிருக்காங்க, அவங்கள விட்டுட்டு எப்படி வருவேன்னுட்டேன்."

பஜ்ஜி தொண்டையில் நின்றது. தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்து, என் முதுகைத் தடவிவிட்டார். அவரே.

வீட்டுக்கு வந்து பட்டியல் போட்டேன்.

சொன்னால்: மு. என்னைச் சும்மா விட மாட்டார். அவர் எலுமிச்சை மண்டியின் அச்சு வேலை அத்தனையும் வேறு அச்சகத்துக்கு. மாஸ்டர் எதிரி மேசையில்.

சொல்லாவிட்டால்: எனக்கு ஒன்றும் ஆகாது.

சண்முகத்தாய் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ரெண்டாவதுல இவ்வளவுதானா?" பேனாவைக் கேட்டாள். கொடுக்கவில்லை.

ஜூன் 12, வெள்ளி

சொல்லிவிட்டேன். நாசமாய்ப் போனது.

டீக்கடையில், இரண்டாவது மடக்கில். "மாஸ்டர், நெசமா சொல்லுதேன், அந்த விழாவே உங்கள வீட்டுக்கு அனுப்பத்தான். கம்ப்யூட்டர் தம்பிதான் இனி கோச்சு."

ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு தொடையில் அறைந்து சிரித்தார். புரையேறியது. டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு, "கேட்டேரா, என்னயப் பாராட்டி வெரட்டிட்டாங்களாம்!" அவரும் சிரித்தார். பெஞ்சில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து வந்து கைகொடுத்தார்: "உங்கள மாதிரி காமெடி இப்ப யாரு சார் பண்ணுதா?"

குற்றம் என்னுடையது. சொல்லும்போது என் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. அது தானாக வரும். மாமனார் சாவு வீட்டிலேயே வந்தது.

ஜூன் 13, சனி

காலை ஒன்பது. மாஸ்டர் வீடு. ஹாலில் ஃப்ளெக்ஸ், ஓரம் மடக்கி. 'கலங்கரை'யில் 'க' சுவர் மூலைக்குள். அவர் நாளைக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"மாஸ்டர், உங்கள எடுத்துட்டாங்க. நவீன்தான் கோச். எனக்குப் பதினோரு நாளா தெரியும்."

இஸ்திரிப் பெட்டி காலர்மேல் நின்றது.

"அப்ப அந்த விழா?"

"அதுக்குத்தான்."

"நாப்பது நிமிசம் பேசுனேனே. எவனும் தடுக்கலியே."

"நான் மைக்குக்குப் பக்கத்துலதான் நின்னேன்."

"வாசகம்?"

"நான் எழுதுனதுதான்."

சட்டை தீய்ந்த வாடை. பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தார், சுவிட்சை அணைத்தார், தீய்ந்த இடத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். உள்ளேயிருந்து ஜெசியக்கா குரல்: "யாரு, கோமதி அண்ணனா? காப்பி போடட்டா?"

"வேண்டாம். அவரு கெளம்புதாரு."

ஆறு வருஷமாக எனக்கு 'வே'. இன்று 'அவரு'.

வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னேன், "ஆறு மணி வரைக்கும் டயம் இருக்கு மாஸ்டர். திருவேங்கடத்துல இன்னும் யாரையும் போடல." அவர் கதவைச் சாத்தவில்லை. அது என்ன கணக்கு என்று தெரியவில்லை.

பகல் முழுக்க ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்தினேன். மாப்பிள்ளையின் அப்பா பெயரை விட்டுவிட்டேன். ஆறு மணிக்கு லீக் ஆபீசுக்குப் போன். கோச் பட்டியல் நாளைக்குத்தான் தெரியுமாம்.

ஜூன் 14, ஞாயிறு

டிராஃப்ட். அதே கல்யாண மண்டபம், நேற்றைய வாழைமரம் இன்னும் வாசலில். எட்டு மேசை. எங்கள் மேசையில் மு., நவீன், லேப்டாப், நான். ஏழாவது மேசையில் திருவேங்கடத்துக்காரர்கள் இரண்டு பேர், ஒரு காலி நாற்காலி. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மு. ஒருமுறை கேட்டார்: "வயித்து வலியாவே?"

பதினொன்று அடிக்க ஐந்து நிமிடம். ஆராதனை முடித்து நேராக வந்திருக்கிறார் மாஸ்டர். கையில் பைபிள், உடம்பில் திருவேங்கடத்து மஞ்சள் டி‑ஷர்ட், ஒரு அளவு சின்னது. காலி நாற்காலியில் உட்கார்ந்து பைபிளை மேசைமேல் வைத்தார்.

மு. வாயைத் திறந்தார், மூடவில்லை.

முதல் பெயர் எங்களுடையது. அனீஸ். மைக்கில் நான்தான் சொன்னேன். விசில், கைதட்டல். இரண்டாவது, திருவேங்கடம். மாஸ்டர் எழுந்தார். மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது, பேச்சு வரப்போகிறது என்று.

"பேச்சிமுத்து." உட்கார்ந்துவிட்டார்.

நவீன் லேப்டாப்பில் எதையோ தேடினார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "சார், நமக்கு டிஃபென்ஸ் வீக்தான்" என்றார். இதை ஒரு வாரம் முன்னால் சொல்லியிருக்கலாம். எல்லோருமே எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்னால் சொல்லியிருக்கலாம்.

சாப்பாடு. மாஸ்டர் எங்கள் பந்திக்கு வந்தார். மு.வுக்குக் கைகொடுத்தார். நவீனுக்குக் கைகொடுத்து, "நல்லா பண்ணுங்க தம்பி, மாரியப்பனுக்கு எடது முழங்கால் சரியில்ல, பாத்துக்கிடுங்க" என்றார். அடுத்து நான். கையை இலையிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருந்தேன். தாண்டிப் போய்விட்டார்.

மு. சாம்பாரைப் பிசைந்தபடியே, "எவன்வே அவர்ட்ட சொன்னது?"

"நான்தான் முதலாளி."

சிரித்தார். "உமக்கு எப்பவும் வெளையாட்டுதான்." பக்கத்து இலைக்காரரும் சிரித்தார். எதற்கென்று தெரியாமல் நவீனும்.

மூன்று பேரும் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு இன்னொரு தடவை சொன்னேன்.